அடிக்கட்டை

சந்தா ரெண்டு ரூபாய்.
ரசீதைக் கிழித்தால் பாதி தொழிலாளி கைக்கு.
பாதி புத்தகத்திலேயே நிற்கும்.
நிற்கிற பாதியைத் தேடித்தான் வந்தார்கள்.

மாசி பிறந்து நாலாம் நாள், ராத்திரி ரெண்டு மணி.
கரிமேட்டில் நாய்களும் அடங்கிய பிறகு
தவசிலிங்கத்தைக் கட்டிய கைலியோடு கூட்டிப் போனார்கள்.
எதுக்கு என்று கேட்டிருக்கிறாள் அவர் மனைவி.
மிசா, என்றான் ஒருவன்.
அது யாருய்யா, என்றாளாம்.

போனஸை நாலு சதமாக இறக்கிய சமயம்.
மிச்சம் எங்கே என்று கேட்ட வாயையெல்லாம்
எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
கூடல் என்று பேர் வாங்கிய ஊரில்
ஐந்து பேர் கூடக்கூடாது.
டீக்கடையில் நாலாவது ஆள் கிளாஸை எடுத்ததும்
ஐந்தாவது ஆள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவான்.

சித்திரையில் அழகர் இறங்கினார்.
ஆற்று மணலில் ஜில்லாவே கூடியது, தடுப்பார் இல்லை.
அந்தக் கூட்டத்தில் வைத்துத்தான்
ஜேசுமிக்கேல் மனைவியிடம் அரிசிக்காசு கொடுத்தேன்,
தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவே.
நோட்டெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது.
அவள் பிரித்துப் பிரித்து எண்ணி
ரெண்டு ரூபாயைத் திருப்பித் தந்தாள்.
எதுக்கு என்று நான் கேட்கவில்லை.

நான் ஒச்சம்மா. ரீலிங் பிரிவு. சங்கத்துப் பொருளாளர்.
பொம்பளை கணக்கு வைத்திருப்பாள் என்று
போலீசுக்கு வைகாசி வரை தோன்றவேயில்லை.
அதற்குள் நான் புத்தகத்தை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன்.
ஒரேயடியாக இல்லை. ராத்திரிக்கு இருபது தாள்.
படித்து,
கண்ணை மூடி மறுபடி படித்து,
அப்புறம்தான் தீ.
அறுந்த இழையை விரல் தேடிப் பிடிக்குமே, அப்படி.
பதினொன்று பால்சாமி, கார்டிங்.
பன்னிரண்டு துளசிராம், வைண்டிங்.
பதிமூன்று காதர் மைதீன், புளோ ரூம், கல்யாணத்துக்கு லீவு போட்டவன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வரை.

கடைசிக் கட்டு சாம்பலான மறுநாள் வந்தார்கள்.
அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள்.
தலையணையைக் கிழித்தார்கள். உள்ளே மில்லின் கழிவுப் பஞ்சு,
வீடு முழுக்கப் பறந்தது,
எஸ்.ஐ.க்குத் தும்மல் நிற்கவில்லை.
எங்கடி புஸ்தகம்?
எனக்கு எழுத்தே தெரியாது சார்.
அதற்கு வாங்கிய அறையில்
என் இடது காது இன்னமும் சங்கு ஊதுகிறது.

ஆவணியில் ஜேசுமிக்கேலின் பிணத்தைக் கொடுத்தார்கள்.
வயிற்றுப்போக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள்.
பாதம் ரெண்டும் கறுத்திருந்ததைப் பற்றி
அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

பதிமூன்று மாசம் கழித்துத் தவசிலிங்கம் வந்தார்.
தரையில் உட்காரவே நேரமானது.
மில் சங்கு ஜெயிலுக்குள் நன்றாகக் கேட்கும், என்றார்.
முதல் சங்குக்கு எழுந்து நின்றுவிடுவாராம்,
ஷிப்டு இல்லாத மனுஷன்.
பிறகு, புத்தகம் இருக்கா, என்றார்.
எழுதிக்கோங்க, என்றேன்.

நாற்பத்தேழில் என் வாய் நின்றது.
மொக்கைச்சாமி, ஸ்பின்னிங்.
அவர் வீட்டு வாசலைக் கைகாட்டியவன்.
மறுவாரமே மேஸ்திரி ஆனவன்.
அவருக்கும் தெரியும். பேனா தாளைத் தொட்டபடியே நின்றது,
மை ஒரு புள்ளியாக ஊறியது.
விட்டுரலாமா?

வெளியே ரெண்டாம் ஷிப்டுச் சங்கு.
சட்டென்று எழப் பார்த்தார். முட்டி ஒத்துழைக்கவில்லை.
காசு கட்டினானா, என்று கேட்டார்.
மார்கழி வரைக்கும்.
மார்கழி வரை, என்று எழுதினார்.

நாற்பத்தெட்டு, ஜேசுமிக்கேல்.
எது வரை போட?
போடாதீங்க, என்றேன்.
இன்னும் வந்துகொண்டிருக்கிறது.